பூட்சின் எண்ணும் பெண்ணின் காலும்

"செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. தறிக்கக் கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் தறிக்காவிட்டாலும் நசுக்குகிறோம். சுண்டுவிரலில் ஆணி, குதிகாலில் கொப்புளம், உள்நோக்கி வளைந்த பெருவிரல் ஆகியவை பலருக்கும் பழகிப்போன துன்பங்கள். கடைக்காரர் "உங்கள் எண் என்ன?" என்று கேட்கிறார். நாம் 5 என்கிறோம், 6 என்கிறோம். அந்த எண்ணை அளந்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்? யாருடைய காலை அளந்தார்? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை.

இப்போது கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ராகியும் தக்காளியும் விளையும் நிலங்களுக்கு நடுவே மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ஷிப்டு பேருந்துகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் செல்கிறார்கள். வீட்டில் வெறுங்காலுடனோ ரப்பர் செருப்புடனோ நடந்து வளர்ந்தவர்கள், வேலை நேரம் முழுவதும் மூடிய காலணியில் நிற்கிறார்கள். விடுமுறை நாளில் பெங்களூர்க் கடைவீதிக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் மேனாட்டுப் பாணித் தோல் பூட்ஸ் அவர்களை அழைக்கிறது: கூரிய முனை, சாய்ந்த ஹீல், கணைக்காலை மூடும் உயரம். சம்பளப் பணத்தில் ஆசையாக வாங்குகிறார்கள். ஒரு மாதத்தில் அது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. குறை பூட்சிலா, காலிலா? இரண்டுக்கும் நடுவே நிற்கும் எண்ணில்தான் பெரும்பங்கு குறை இருக்கிறது. அதன் வரலாற்றைக் காண்போம்.

வாற்கோதுமை மணியில் பிறந்த எண்

இடைக்கால இங்கிலாந்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்திருந்தனர். துணி அளக்கவும் நிலம் அளக்கவும் பிறந்த அந்த அளவு, செம்மார் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் இங்கிலாந்துக் காலணி எண்ணில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளி ஒரு வாற்கோதுமை மணிதான். அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர்.

கணக்கு இப்படிப் போகும். குழந்தைகளின் எண் 4 அங்குலத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து படிக்கு ஒரு மணியாக ஏறி 13 வரை செல்கிறது. பிறகு பெரியவர்களுக்கு மறுபடியும் 1 என்று தொடங்குகிறது. ஆகவே பெரியவர்களின் 5ஆம் எண் என்பது 12 மணி, அதன்மேல் 13 மணி, அதன்மேல் 5 மணி. ஆக 30 மணி. அதாவது 10 அங்குலம், அல்லது 25.4 சென்டிமீட்டர். இது காலின் நீளம் அன்று. காலணியை எந்த அச்சின்மேல் இழுத்துத் தைக்கிறார்களோ அந்த அச்சின் நீளம். கால் வடிவில் செதுக்கிய இந்தக் கட்டையைத் தொழிற்சாலைகளில் 'லாஸ்ட்' என்கிறார்கள். விரல்களுக்கு முன்னால் சற்று இடம் வேண்டுமல்லவா? அதனால் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுள்ள கால்தான் இந்தப் பூட்சுக்குள் போகும்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் சென்றனர். அவர்களுடைய படி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கணக்கில் 38ஆம் எண் அச்சின் நீளம் 25.3 சென்டிமீட்டர் வரும். அமெரிக்கர்கள் இங்கிலாந்துப் படியையே வைத்துக்கொண்டு தொடக்கப் புள்ளியை மாற்றினர். பெண்களுக்குத் தனி எண் வரிசையும் வைத்தனர். ஆகவே ஒரே பூட்சின் பெட்டியில் இங்கிலாந்து 5, ஐரோப்பா 38, அமெரிக்கா 7 என்று மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். மூன்றும் சொல்வது ஒரே செய்தி: நீளம். அகலம், சுற்றளவு, புறங்காலின் உயரம் ஆகியவற்றைப் பற்றி அந்த எண்களில் ஒரு சொல்லும் இல்லை.

இடது காலுக்கும் வலது காலுக்கும் வெவ்வேறு அச்சு என்பதுகூட நெடுங்காலம் பொதுவழக்காக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு காலுக்கும் ஒரே வடிவத்தில் நேராகச் செய்த காலணிகளே பெரும்பாலும் விற்றன. 1781இல் பெட்ரஸ் காம்பர் என்னும் டச்சு உடற்கூற்றியலாளர் காலணியின் சரியான வடிவத்தைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1858இல் சூரிக் நகரின் ஹெர்மன் மேயர், பெருவிரலின் நடுக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது குதிகாலின் நடுவே செல்ல வேண்டும், காலணி அக்கோட்டைக் கெடுக்கக் கூடாது என்று வாதிட்டார். கூர்முனைக் காலணிகள் அன்றும் இன்றும் மீறுவது இந்த விதியைத்தான்.

உட்கார்ந்திருப்பவனுக்காகப் பிறந்த பூட்ஸ்

மேனாட்டுப் பாணி பூட்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் உருவெடுத்தது. டெக்சாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளைக் குதிரைமேல் அமர்ந்து கான்சாஸ் ரயில் நிலையங்கள் வரை ஓட்டிச் சென்றவர்களுக்கு ஒரு தனிவகைக் காலணி தேவைப்பட்டது. கூரிய முனை, அங்கவடிக்குள் காலைச் சட்டென நுழைக்க. உயர்ந்த சாய்ந்த ஹீல், அங்கவடிக்குள் கால் முழுவதும் வழுக்கிப் போய்விடாமல் தடுக்க. நெடிய தோல் குழல், முட்செடியிலிருந்து கணைக்காலைக் காக்க. கயிறு கிடையாது, கீழே விழும்போது கால் அங்கவடியில் சிக்கினால் பூட்சை விட்டுக் கால் உருவி வந்துவிட வேண்டும்.

ஒவ்வோர் அம்சத்துக்கும் நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரைக்காரனின் எடையில் பெரும்பகுதியைச் சேணம் தாங்குகிறது. அதாவது இது உட்கார்ந்திருப்பவனுக்காகப் பிறந்த காலணி. அதை அணிந்து நாள் முழுவதும் நிற்கிறோம் என்றால் கணக்கு மாறிவிடுகிறது.

இந்தப் பூட்சின் வரலாற்றில் இரண்டு பெண்களுக்கு இடம் உண்டு. எச். ஜே. ஜஸ்டின் என்பவர் 1879இல் டெக்சாசின் ஸ்பானிஷ் ஃபோர்ட் என்ற சிற்றூரில் பூட்ஸ் தைக்கத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தார்கள். அவருடைய மனைவி ஆனி ஒரு வழி கண்டார். அளவு நாடாவும் குறிப்புத் தாளும் அஞ்சலில் அனுப்பப்பட்டன. வாங்குபவர் தம் காலைத் தாமே பல இடங்களில் அளந்து எழுதி அனுப்ப வேண்டும். அந்த அளவுகளைக் கொண்டு பூட்ஸ் தைத்து அனுப்பினார்கள். வாடிக்கையாளரின் காலை நேரில் பார்க்காமலே பொருந்தும் பூட்சைச் செய்ய முடிந்தது. ஏனெனில் நீளத்தோடு சுற்றளவுகளும் அவர்கள் கைக்கு வந்தன. 1925இல் குடும்பத் தொழில் ஃபோர்ட் வொர்த் நகருக்கு இடம்பெயர்ந்தபோது மகள் எனிட் உடன் செல்ல மறுத்து, நொகோனா ஊரிலேயே தம் சொந்தப் பூட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தினார்.

சரிவுத் தளத்தில் ஒரு கால்

இனி இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பள்ளியில் படித்த சரிவுத் தளத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். குதிகாலுக்கும் விரல்களின் அடிமேட்டுக்கும் இடையே ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஹீல் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் கால் ஏறத்தாழ 18 பாகைச் சரிவில் நிற்கிறது. அச்சரிவின்மேல் விழும் எடையில் ஏறத்தாழ 31 சதவீதம் காலை முன்னோக்கித் தள்ளும் விசையாகிறது. ஹீல் 2.5 சென்டிமீட்டர் என்றால் சரிவு 9 பாகை. தள்ளும் விசை 16 சதவீதம். ஹீலின் உயரத்தைப் பாதியாக்கினால் தள்ளுவிசையும் பாதியாகிறது.

இந்தத் தள்ளுவிசையை எது தடுக்கிறது? உராய்வு ஓரளவு தடுக்கும். கயிறு கட்டிய ஷூவில் கயிறு காலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். மேனாட்டுப் பூட்சில் கயிறு இல்லை. புறங்காலின்மேல் படியும் தோல்தான் ஒரே பிடிப்பு. அங்கே தளர்ந்திருந்தால், அடுத்த தடை விரல் நுனிகள். அதுவும் கூரிய முனைக்குள் ஆப்பு அடித்ததுபோல் அவை இறுகும். பூட்சுக்குள் பெருவிரல் நோகிறது என்றால் நோயின் வேர் பெரும்பாலும் புறங்காலில் இருக்கிறது.

இங்கே நம்மவர் பலர் செய்யும் ஒரு வேலை தீங்காகிறது. முன்பக்கம் இறுக்குகிறது என்றால் ஓர் எண் கூட்டி வாங்குகிறார்கள். ஓர் எண் கூடினால் நீளம் 8.5 மில்லிமீட்டர் கூடுகிறது. அகலமோ மிகச் சிறிதே கூடுகிறது. பூட்சின் மடியும் இடம் முன்னே நகர்ந்துவிடுகிறது. கால் மடியும் இடம் ஓரிடம், பூட்ஸ் மடியும் இடம் வேறிடம். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இரண்டும் சண்டையிடுகின்றன. குதிகால் பின்னால் தூக்கித் தூக்கி விழுந்து தோலை உரிக்கிறது. அகலத்தின் குறையை நீளத்தால் நிரப்ப முடியாது.

அளவுத் தட்டும் எக்ஸ் கதிரும்

இந்த உண்மையைக் கருவியாக்கியவர் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரத்துக் காலணிக் கடைக்காரர் மகன் சார்ல்ஸ் பிரான்னாக். 1920களின் நடுவில் அவர் அமைத்த உலோக அளவுத் தட்டு மூன்று அளவுகளைக் காட்டியது: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை நீளம், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை நீளம், அகலம். இரண்டாவது அளவுதான் கால் மடியும் இடத்தைச் சொல்கிறது. ஒரே நீளமுள்ள இரு கால்களில் ஒன்றுக்கு விரல்கள் நீண்டிருக்கலாம், மற்றொன்றுக்குக் குறுகியிருக்கலாம். அவர்களுக்கு ஒரே பூட்ஸ் பொருந்தாது என்பதை இத்தட்டு ஒரு நொடியில் காட்டிவிடும்.

அதே காலத்தில் மற்றொரு கருவி கடைகளுக்கு வந்து பெரும் புகழ் பெற்றது. அதுதான் காலணி பார்க்கும் எக்ஸ் கதிர்ப் பெட்டி. பாஸ்டன் நகர மருத்துவர் ஜேக்கப் லோ என்பவருக்கு 1927இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பெட்டியின் துளைக்குள் ஷூவோடு காலை வைத்தால், மேலே உள்ள திரையில் எலும்புகள் பச்சை ஒளியில் தெரியும். குழந்தைகள் விளையாட்டாகத் திரும்பத் திரும்பக் காலை நீட்டினார்கள். கதிர்வீச்சின் தீமை தெளிவாகத் தெரிந்தபின் 1957இல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடை விதித்தது. மற்ற இடங்களும் தொடர்ந்தன.

ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். அக்கருவியால் பொருத்தத்தை அறிய முடியுமா என்று கேட்டால் அதுவும் ஐயமே. எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும். சதை எங்கே நசுங்குகிறது, அழுத்தம் எங்கே கூடுகிறது என்பதைக் காட்டாது. காலணியில் நோவது அழுத்தம். விலைமிக்க கருவி தவறான ஒன்றை அளந்தது. பிரான்னாக்கின் எளிய தட்டு சரியானதை அளந்தது.

ஆம்பூரில் தைத்த பூட்ஸ்

தமிழ்நாட்டுக்கு வருவோம். தோல் பதனிடுவதில் நமக்கு நெடிய வரலாறு உண்டு. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் இட்டுப் பதப்படுத்திய தென்னாட்டுத் தோல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியச் சந்தையில் பெயர் பெற்றிருந்தன. 1903இல் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அதன்பின் எழுந்த குரோம் தோல் ஆலையின் பெயரால்தான் சென்னையின் குரோம்பேட்டை இன்றும் அழைக்கப்படுகிறது. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் இயக்குநராயிருந்த ஒய். நாயுடம்மா அந்நிலையத்தை உலகறியச் செய்தார்.

1972இல் சீதாராமய்யா குழு ஒரு வழியைக் காட்டியது: பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் அனுப்ப வேண்டும் என்றது. அதற்கேற்ப அரசின் கொள்கை மாறியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் சாலைகளுக்குப் பக்கத்தில் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. பின்னாளில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூரிலும் எழுந்தன. தையல் பொறிகளின் முன் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்கேதான் ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். அவர்கள் தைக்கும் பூட்சின் அச்சு ஐரோப்பியப் பெண்ணின் காலைக் கொண்டு செய்தது. அந்தப் பெண்ணுக்குப் பொருந்துவதற்காகத்தான் அது செய்யப்பட்டது, அதில் குற்றமில்லை. ஆனால் உள்நாட்டுக் கடைக்கு வரும் காலணியிலும் நாம் வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் வந்த இங்கிலாந்து எண்ணையே வைத்துக்கொண்டோம். பூட்ஸ் தைக்கத் தெரிந்த நாட்டில், அதைத் தைப்பவளின் காலை அளந்து பார்க்கும் வேலை தள்ளிக்கொண்டே போயிற்று.

பெண்ணின் கால் என்பது ஆணின் காலைச் சிறிதாக்கியது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படையினரின் கால் அளவுகளைக் கொண்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே நீளமுள்ள ஆண், பெண் கால்களின் வடிவம் பல இடங்களில் வேறுபடுவதை எடுத்துக்காட்டியது. ஆணின் அச்சை இழைத்துச் சிறிதாக்கி, அதற்குப் பெண்கள் பூட்ஸ் என்று பெயரிட்டால் பொருந்தாது.

ஒரு லட்சம் கால்கள்

வெறுங்காலில் வளர்ந்தவர் காலும் எப்போதும் மூடிய காலணியில் வளர்ந்தவர் காலும் ஒன்றல்ல. இதை நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் மருத்துவர்களே காட்டினார்கள். ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பார்த்தார்கள். காலணி அணிந்து பழகிய குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கே இருந்தது. முனை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியரின் கால்களை அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலில் நடப்பவர்களின் பாதம் அகன்றிருப்பதையும், அழுத்தம் பாதம் முழுவதும் சீராகப் பரவுவதையும் காட்டியது.

கடைசியில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமே பெரும் அளவெடுப்பில் இறங்கியது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்கள் முப்பரிமாண ஒளிப்பதிவுக் கருவியால் அளக்கப்பட்டன. இந்தியரின் கால் ஐரோப்பியர், அமெரிக்கர் காலைவிடப் பொதுவாக அகன்றது என்று தெரிந்தது. பெண்ணின் கால் ஏறத்தாழ 11 வயதிலும், ஆணின் கால் 15 அல்லது 16 வயதிலும் வளர்ச்சியின் உச்சத்தை எட்டுகிறது என்றும் கண்டார்கள். அகலம் போதாமல் பெரிய எண்ணை வாங்கி, பொருந்தாத உயர் ஹீல் அணிந்து பெண்கள் காயப்படுவதும் இந்த ஆய்வில் சுட்டப்பட்டது. இவற்றைக் கொண்டு 'பா' என்னும் பெயரில் எட்டுப் பிரிவுகள் கொண்ட இந்திய அளவு முறை வகுக்கப்பட்டது. அதில் சிறுமியருக்கும் பெண்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ஆகவே உத்தனப்பள்ளிப் பெண் 5ஆம் எண் பூட்சில் துன்பப்பட்டால், அவள் கால் கோணலானது என்று பொருளில்லை. அந்த அச்சு அவளுக்காகச் செய்யப்படவில்லை.

வாங்குமுன் அளப்போம்

புதிய எண் எல்லாப் பெட்டிகளின் மேலும் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆனி ஜஸ்டின் அஞ்சலில் அனுப்பிய அளவு நாடா நம் வீட்டுத் தையல் பெட்டியிலும் இருக்கிறது.

மாலையில் அளக்க வேண்டும். நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். சுவரோடு குதிகாலை ஒட்டி, தாளின்மேல் எடையூன்றி நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறியுங்கள். அடுத்து விரல்களின் அடிமேட்டைச் சுற்றியும், புறங்காலின் உயர்ந்த இடத்தைச் சுற்றியும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அளவில் பெண்களுக்கு 'பி' என்பது நடுத்தர அகலம், 'சி'யும் 'டி'யும் அகன்றவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடையில் பூட்சை மாட்டியதும் நின்று பாருங்கள், நடந்தும் பாருங்கள். பாதத்தின் மிக அகன்ற இடம் பூட்சின் மிக அகன்ற இடத்தில் அமர வேண்டும். புறங்காலை நோகாமல் இறுகப் பிடிக்க வேண்டும். விரல்கள் அசைய வேண்டும். புதிய பூட்சில் குதிகால் சிறிதளவு, அரை சென்டிமீட்டர்போல், எழும்பினால் அஞ்ச வேண்டாம். அடித்தோல் வளையப் பழகியதும் அது குறையும். தோல் என்பது புரத நார்களின் பின்னல். தொடர்ந்த அழுத்தத்துக்கும் ஈரத்துக்கும் அது பக்கவாட்டில் மெல்ல இடம் கொடுக்கும். ஆகவே அகலத்தில் உள்ள சிறிய இறுக்கம் தளரும். நீளத்தின் குறை தளராது, அடித்தோல் நீள்வதில்லை. "போகப் போகச் சரியாகும்" என்று கடைக்காரர் சொல்வது அகலத்துக்கு ஓரளவு உண்மை, நீளத்துக்கு முழுப் பொய்.

நின்று வேலை செய்பவர் என்றால் தாழ்ந்த ஹீலும் உருண்ட முனையும் கொண்ட 'ரோப்பர்' வகையைக் கேளுங்கள். கயிறு வீசிக் கன்றைப் பிடிக்கும் போட்டியில், குதிரையிலிருந்து இறங்கி ஓட வேண்டியவர்களுக்காக வந்த வகை அது. காலூன்றி நிற்பவளுக்கு அதுவே ஏற்றது.

தொழிற்சாலையில் காலணி வழங்குவோருக்கும் இதுவே சொல்லத்தக்கது. பட்டியலில் பெயருக்கு எதிரே ஓர் எண்ணோடு அகலத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தால் போதும். செலவு ஒரு பென்சில் கோடுதான். மூன்று வாற்கோதுமை மணிகளை வைத்து யாரோ வகுத்த அளவு இத்தனை நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் பெண்களின் காலை இப்போது அளந்தாகிவிட்டது. அந்த அளவைக் காலணி அச்சில் கொண்டுவந்து சேர்ப்பதே மிச்சமிருக்கும் வேலை.